சிடியில் இருந்தது

தன் கல்யாணப் பட சிடியை வாங்கிப்போன இருபத்தாறாவது மணி நேரத்தில் சந்திரகலா அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து மறுபடியும் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"ஒரு படமும் திறக்கலம்மா. நாளைக்கு எங்கப்பாவுக்குப் பதினாறாம் நாள். அவரு சிரிச்ச படம்னா என் கல்யாணத்துல எடுத்தது மட்டும்தான். அதைப் பெருசாக்கி வைக்கணும்."

சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டேன். படங்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் வெறும் லிங்க்; படம் எங்கள் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி, அவ்வளவுதான். சிடி எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற கட்டளைப் பட்டியலில், கோப்பா லிங்க்கா என்று சோதிக்கும் வரியே இல்லை.

ஓனர் கலையரசன் அண்ணனிடம் அதை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"இதுக்கா முழிக்கற? அந்த வரியைச் சேர்த்து மறுபடி எழுது. பயப்படாதீங்கக்கா, பிஎஸ்சி படிச்ச பொண்ணு. வாயைத் திறந்து பேசறதுக்குத்தான் காசு கேக்கும், வேலைன்னா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரும்."

"இருந்து வாங்கிட்டே போறேன்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வரியைச் சேர்த்தேன். எழுதும் கட்டளையை மட்டும் தட்டவில்லை.

"என்னம்மா, எழுது!" என்றார் அண்ணன்.

"அண்ணே, சிடி குடுத்தாச்சு, இடம் வேணும்னு டிஸ்க்ல இருந்த படத்தையெல்லாம் நேத்தே அழிக்கச் சொன்னீங்க. அழிச்சிட்டு, அதே இடத்துல வேற கல்யாணத்தை ஏத்திட்டேன்."