முப்பத்தாறு நிறம்

"மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்க்கற மாதிரி மனுஷனுக்குத் தோலைப் பார்க்க வந்துகீறானே!" என்று எகிறினான் சண்முகம்.

சித்தூரிலிருந்து சர்வே ஆபீசர் வருகிறார் என்று கேட்டதும் குடிபாலா பக்கத்து அந்தக் கிராமம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிவிட்டது. ஆந்திரா தனி மாநிலமாகி மூன்று வருஷம். ஊரைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி மறியல் செய்து, ஜெயிலுக்கும் போய் வந்தவர் வேதாச்சலம். சர்வே என்றால் அவருக்கு எல்லை சர்வேதான்.

ஆபீசராக வந்த காலேஜ் பையன் சிட்டிபாபுவோ நிலம் அளக்கும் சங்கிலியை எடுக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே முப்பத்தாறு கண்ணாடிச் சில்லுகள். பால் வெள்ளையில் ஆரம்பித்துக் கரிக்கட்டை வரை, நிறத்துக்கு ஒரு நம்பர்.

"வெயில் படாத இடமா, கையோட உள்பக்கத்துல வச்சுப் பார்ப்பேங்க. எந்தச் சில்லு தோலோட கலந்து தெரியாமப் போவுதோ, அதான் உங்க நம்பர்" என்றான், தெலுங்கு வாடையோடு.

"எதுக்குப்பா இந்தக் கூத்து?"

"மனுஷங்களை நிறவாரியாப் பிரிக்கணுமாம். எங்க புரொபசர் கேட்டாரு. பிரிச்சு என்ன பண்ணுவாருன்னு நான் கேக்கலீங்க."

வேதாச்சலத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"டேய் சண்முகம், மக்கு! எவன் தமிழன், எவன் தெலுங்கன்னு நிறத்தை வச்சுக் கண்டுபுடிக்கப் போறாங்கடா. தமிழன் தலை கூடக் கூட நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் போவும். எல்லாரும் கையை நீட்டுங்க!"

"அப்ப சேரி ஆளுங்க?" என்றான் சண்முகம்.

"அவங்க மட்டும் தமிழங்க இல்லியா? வரட்டும். ஆனா கடைசியில. அவங்க மேல பட்ட கண்ணாடி நம்ம மேல பட்டா நல்லாவா இருக்கும்?"

"சேரிப் பாலையா நம்ம கூட ஜெயில்ல ஒரே ரூம்புல படுத்துக்கினு இருந்தவனாச்சே நைனா!"

"ஜெயிலு வேற, ஊரு வேற." வேதாச்சலம் சிட்டிபாபு பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, நான் சொல்றது?"

சிட்டிபாபு நிமிரவே இல்லை. "ஆகட்டுங்க" என்றான்.

'படிச்சு இன்னாத்துக்கு ஆச்சு!' என்று முனகிக்கொண்டே சண்முகம் கையை நீட்டினான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பத்தொன்பது, இருபத்தைந்து, இருபத்தெட்டு... ஒரே சிரிப்பும் கிண்டலும். சந்திரம்மா தன் புருஷனைவிட ரெண்டு நம்பர் குறைச்சல் என்று தெரிந்ததும், "பார்த்துக்கோ!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

வேதாச்சலத்தின் முறை வந்தது. கண்ணாடி தோலோடு ஒட்டிக் கரைந்தே போனது.

"இருபத்திமூணுங்க. இவ்ளோ கச்சிதமாப் பொருந்தறது அபூர்வம்."

வேதாச்சலம் மீசையைத் தடவினார். "பின்னே? எங்க வம்சம் அப்படி. இந்த இருபத்திமூணு இங்க வேற எவனுக்காச்சும் வந்துச்சா?"

"இங்க யாருக்கும் வரலீங்க."

"கேட்டுக்கினியாடா சண்முகம்!"

"ஊர்ல மொத்தமே ரெண்டு பேருக்குத்தாங்க வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணு. இன்னொண்ணு பாலையாவுக்கு."

வேதாச்சலம் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"எந்தப் பாலையா?"

"உங்க கூட ஜெயில்ல இருந்தாரே, அவருதாங்க."

"நீதான் இன்னும் சேரிக்கே போவலியே!"

வேதாச்சலத்தின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மடக்கவும் முடியவில்லை, துண்டில் துடைக்கவும் தோன்றவில்லை.

சிட்டிபாபு அந்தச் சில்லை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"காலையில அங்கதாங்க ஆரம்பிச்சேன். என்கிட்ட கண்ணாடி இந்த ஒரு செட்டுதான்."