முடிச்சு நூல்

நோர்வூட்டில் தனியாகத் தையல் தைத்துப் பிழைக்கும் ரபீக்காவின் யோசனை அது. மார்பு, இடுப்பு, கை அளவுக்கு முடிச்சுப் போட்ட நூலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொடுத்தனுப்பினால் போதும், தைத்த சட்டை வீடு போய்ச் சேரும். யாரும் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. தொலைவிலுள்ள டயகம வரை தொழில் வளர்ந்துவிட்டது.

தோட்டங்களிலிருந்து முடிச்சு நூலும் துணியும் கொண்டுவரும் வியாபாரி ராசிக் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வெள்ளையம்மாட சட்டை முடிஞ்சுதா ராத்தா?"

"முடிச்சு பிசகியிருக்கு. அவங்கள நேர்ல வரச் சொல்லுங்க."

"போன வாரமும் ஒருத்தங்கள வரச் சொன்னீங்களே, அவங்க வரவேயில்ல."

"அளவு தப்புனா துணி வீணாப் போயிடும். வரச் சொல்லுங்க."

ராசிக் போனதும் கதவைச் சாத்தினாள். நேற்றே தைத்து முடித்திருந்த வெள்ளையம்மாவின் சட்டையை எடுத்து நூலோடு ஒட்டிப் பார்த்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. சட்டையைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டு, வெகுநாளாகப் புழங்காத இரண்டாவது கோப்பையை எடுத்துக் கழுவினாள்.