ரெண்டு கண் மிச்சம்

“கண்ணுக்குள்ளே ரத்தக் கசிவு ஆரம்பிச்சாச்சு. சர்க்கரையைக் குறைக்கலேன்னா பார்வை போயிடும்” என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஜவுளிக்கடைக்காரர் மாதாமாதம் மகளுக்கு வீடியோவில் சர்க்கரை மிஷினைக் காட்டியாக வேண்டும்.

ஆறு மாதமாக நூற்றுப் பத்தைத் தாண்டவில்லை.

“பரவாயில்லையேப்பா!”

“உங்கப்பன்னா கொக்கா? அப்படியே கண்ணு போனாலும் என்னடி, உங்கம்மாகிட்ட ரெண்டு இருக்கே!”

இந்த மாதம் மகள் அலறினாள். “இருநூத்தி எண்பதுப்பா! அப்படி என்னத்தைத் தின்னீங்க?”

எந்த வாடிக்கையாளரையும் பேசியே மடக்குகிறவர், மிஷினைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

கேமராவுக்கு மறைவில் மனைவி, வழக்கம்போல் அவருக்குப் பதிலாக ஊசி குத்திக்கொண்ட தன் விரலைச் சப்பியபடி கிசுகிசுத்தாள்:

“நிஜமாவே இருநூத்தி எண்பதாங்க? கொஞ்ச நாளா எனக்கு எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது.”