வழிகாட்டி மீட்டிங்கில் இருக்கிறார்

"புதுசா சேர்ந்தவங்க பதினோரு பேர் மேடம். பதினோரு பேருக்கும் வழிகாட்டி போட்டாச்சு. ஒருத்தர்கூட அநாதையா நிக்கல" என்றபடி, பட்டு நூலால் கட்டியிருந்த கோப்பைப் பிரித்து மேசைமேல் பரப்பினார் துணைப் பதிவாளர் குந்துநாதன்.

பல்கலைக்கழகத்தின் ஆரணி அஞ்சல்வழிக் கல்வி மையத்தில், 1984-இல், அவர் கண்ட திட்டம் அது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அனுபவசாலி ஒருவர் தொழில் சொல்லித்தர வேண்டும். மையத்தில் இருந்த அனுபவசாலிகள் என்னவோ பத்துப் பேர்தான். தலைமை எழுத்தர் சின்னதுரை எப்படியோ பதினொன்றாக்கிப் பட்டியல் கொண்டுவந்தார். அதைப் படித்து நேரத்தை வீணாக்காமல் குந்துநாதன் கையெழுத்துப் போட்டார்.

பிறகு திட்டத்தைப் பற்றி வாரம் இரண்டு கூட்டம் நடத்தினார். எல்லாக் கூட்டத்திலும் அவரே பேசினார்.

சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த பேராசிரியை அபிதகுசாம்பாள் கோப்பைப் புரட்டிவிட்டு மூடினார். "எல்லாம் இவ்ளோ ஜோரா நடக்குதே, அப்புறம் ஏன் சார் போளூர் பசங்க வந்தவாசில போய் நின்னாங்க?"

ஹால் டிக்கெட்டில் தேர்வு மைய நம்பர் மாறிப்போய், போளூர் மாணவர்கள் இருபத்து மூன்று பேர் வந்தவாசிக்குப் போய்விட்டார்கள். பஸ் பிடித்துத் திரும்புவதற்குள் பரீட்சை முடிந்திருந்தது. டைப் அடித்தவள் ஆரோக்கியசெல்வி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"அந்தப் பொண்ண இன்னியோட வீட்டுக்கு அனுப்பிடறேன் மேடம்."

"மொதல்ல இங்க கூப்பிடுங்க."

ஆரோக்கியசெல்வி வந்து நின்றாள். இரண்டு நாள் அழுத கண்கள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் நிச்சயமான வருமானம்.

"சொவத்துல ஒட்டியிருந்த நம்பர் லிஸ்ட்டப் பாத்துதான் மேடம் அடிச்சேன். அது போன வருசத்துதாம். புதுசு பீரோவுல இருக்குதுன்னு யாரும் சொல்லலீங்க."

"உன் வழிகாட்டிகிட்ட கேக்கறதுதானே?"

"நாலு வாட்டி போனேங்க. மீட்டிங்ல பேசிகினு இருக்காங்க, அப்பால வான்னு பியூன் அனுப்பிட்டாரு. இந்த அஞ்சு மாசத்துல அவங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்லீங்க."

"மாசாமாசம் 'முன்னேற்றம் திருப்தி'ன்னு உன்னப் பத்தி ரிப்போர்ட் இருக்கே?"

"அதையும் நான்தாங்க டைப் அடிக்கறேன். கையெழுத்து மட்டும் அவங்க போடுவாங்க."

பேராசிரியையின் புருவம் உயர்ந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்டுகொள்வதில் குந்துநாதனுக்கு இருபது வருட அனுபவம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம்? இந்த மாதிரி ஆளுங்களாலதான் என் திட்டமே பேஜாராவுது! தப்பு இந்தக் கொழந்த மேல இல்ல. அஞ்சு நிமிசம் ஒதுக்கத் துப்பில்ல, அவனெல்லாம் ஒரு வழிகாட்டியா?"

"யார் அந்த ஆள்?"

"யாருன்னே நான் கேக்க மாட்டேன் மேடம். பேரைக் கேட்டா தாட்சண்யம் வந்துடும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி, சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி இப்பவே எழுதறேன். ஜல்தி, டைப் மெஷின்ல உக்காரும்மா!"

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கடமை தவறியது, படிக்காமலே பொய் அறிக்கைகளில் கையெழுத்திட்டது, இருபத்து மூன்று மாணவர்களின் பரீட்சையைப் பாழாக்கியது. 'இவரைப் போன்றவர் கல்வித் துறைக்கே களங்கம்' என்ற வரி அவருக்கு மிகவும் பிடித்துப்போய், அடிக்கோடு போடச் சொன்னார்.

பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. குந்துநாதன் கீழே கையெழுத்திட்டார். "சபாஷ்!" என்று பேராசிரியையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"பயப்படாம அந்தப் பேர அடிம்மா. நான் இருக்கேன்."

ஆரோக்கியசெல்வி தாளை மறுபடி மெஷினில் ஏற்றினாள். விரல்கள் எழுத்துக்களின் மேல் தயங்கி நின்றன. மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு இனிஷியல் ஒண்ணா, ரெண்டா சார்?"