டியூப்லைட்டுப் பல்லியின் சாட்சி

ஜெபக்கூடத்து டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி குடியிருந்தது. ஜன்னல் வழியே புதிதாக வருகிற பூச்சிகளுக்கெல்லாம் அது தவறாமல் சாட்சி சொல்லும்.

அன்று மாலை ஒரு விட்டில் வந்து சுவரோரம் தயங்கி உட்கார்ந்தது.

"ஏன் சிஸ்டர் தூரமா இருக்கீங்க? ஒளிகிட்ட வாங்க. நானும் ஒரு காலத்துல தண்ணிக்குழாய்க்குப் பின்னால, இருட்டுல, எலும்பும் தோலுமா கிடந்தவன்தான். இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு குறையும் இல்லை" என்றது பல்லி. அதன் வயிற்றைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது.

விட்டில் இரண்டடி முன்னால் வந்தது. "நேத்து எங்க அக்கா இங்க வந்தாங்களே, பிரதர்?"

"வந்தாங்க. என்னோட ஐக்கியமாயிட்டாங்க."

விட்டில் இன்னும் ஓரடி வைத்தது. பல்லி வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"ஆண்டவரே, வெளிச்சத்தைத் தாரும்!" என்று பல்லி கதறியது. அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் அவ்வளவு உருக்கமாக ஜெபித்ததில்லை.

இருட்டானதும் விட்டிலுக்குக் கண்கூச்சம் தெளிந்தது. பல்லியின் கடைவாயில் அக்காவின் சிறகு ஒட்டியிருந்தது.

"நான் இருட்டுலேயே இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன், பிரதர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பறந்தது.

கரண்ட் வந்தபோது சுவரில் யாரும் இல்லை. இருளுக்குத் திரும்பிப்போன அந்தச் சகோதரிக்காகப் பல்லி வெறும் வயிற்றோடு, மிகுந்த பாரத்தோடு ஜெபித்தது.