நெல் சாமியின் வாசலில் நிமி

கணவர் மரியஜோசப்பின் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பிய செபமாலையம்மாள், சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக ஜன்னலோரம் நிற்கிறாள். அங்கேதான் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும். வெளியே ஏலச்செடிகளின் மேல் மூடுபனி இறங்கியிருக்கிறது. திரையில் ஜப்பான் வெயில். பூசைக்கு வர லீவு கிடைக்காத மகள் நிமி, சிவப்பு மரவாசல் ஒன்றின் கீழே நிற்கிறாள். கழுத்தில் துணி கட்டிய கல் நரிகள் இரண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன.

"யாரு சாமிடி அது?"

"நெல்லுக்கான சாமிம்மா. இனாரின்னு பேரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வயக்காட்டுச் சனங்க கட்டுன கோயிலாம். நரிங்கதான் அதுக்குத் தூது போகுமாம். இங்க பக்கத்துல மாதா கோயில் இல்லம்மா, அதான் வந்தேன்."

நிமி போனைக் கல்லின் மேல் சாய்த்து வைக்கிறாள். தொங்கும் கயிற்றை ஆட்டுகிறாள். மேலே மணி கரகரக்கிறது. இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, கண்ணை மூடிக்கொள்கிறாள். அவள் உதடுகள் வெகுநேரம் அசைகின்றன. ஆள் அரவமில்லாத அந்த முற்றத்தில் காற்று மட்டும் இரைகிறது. செபமாலையம்மாள் தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவு நேரம் என்னடி சொன்ன? அந்தச் சாமிக்கு உங்கப்பாவத் தெரியாதே."

"தெரியாதுல்லம்மா. அதான் அவரப் பத்தி முதல்லருந்து சொன்னேன்."