ஒன்பதாவது நிறுத்தம்

விண்ணமங்கலத்தில் கௌசர் மறுபடியும் சைக்கிளை நிறுத்தினாள்.

காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

மணி மூன்று இருபது. ஆம்பூருக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். நான்கு மணிக்குள் அங்கே போய் அட்டையில் சீல் வாங்காவிட்டால் அவ்வளவுதான். எங்கள் சைக்கிள் கிளப் நடத்தும், வேலூரிலிருந்து பர்கூர் போய்த் திரும்பும் இருநூறு கிலோமீட்டர் பயணத்தில், காலை ஆறு மணியிலிருந்து மிதித்த நூற்று நாற்பத்திரண்டும் கணக்கில் வராது.

“தாகமா இருக்கு சார். ஒரு மோர் குடிச்சிட்டுப் போலாம்.”

அவளுடைய பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தலை சூடாகிவிட்டது.

இவளை இதற்குள் இழுத்துவிட்டவனே நான்தான். ஆம்பூரில் நாங்கள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ், அவள் குவாலிட்டி செக்கிங். எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்திரண்டு. தங்கையின் பழைய பள்ளிக்கூட சைக்கிளில் தினமும் அரை மணி நேரம் மிதித்து வந்து, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறவள். அப்படிப்பட்ட கால்களை வீணாக்குகிறாளே என்று எனக்கு ஆதங்கம்.

ஐந்து மாதம் சாப்பாட்டு நேரத்தில் விடாமல் ஓதினேன். நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளை ஓட்டுவது கால் இல்லை, மண்டைதான் என்றேன். கியர் சைக்கிள் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். டியூப் மாற்றக் கற்றுக்கொடுத்தேன்.

“வேலூருக்கு நல்லா பஸ் இருக்கே சார், எதுக்கு இந்த பேஜாரு?” என்பாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நானும் வர்றேன் சார்” என்றாள்.

என் பேச்சு ஜெயித்துவிட்டது என்று அன்று முழுக்க ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெயித்த லட்சணம் இது. பள்ளிகொண்டாவில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். மாதனூரில் ஹெல்மெட் வார் இறுக்குகிறதாம். நாட்றம்பள்ளியில் மலையை ஃபோட்டோ எடுக்க வேண்டுமாம். எடுத்து முடித்த பிறகும் எழுந்திருப்பதில்லை. நான் நின்றுகொண்டே இருந்தால், “நீங்களும் உக்காருங்க சார், நிக்கிறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று வேறு சொல்வாள்.

இதில் பெரிய எரிச்சல், அவள் களைத்த மாதிரியே தெரியவில்லை என்பதுதான். எனக்குத்தான் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இன்னா நெனச்சிட்டு இருக்க கௌசர்? பிக்னிக்கா வந்த? சீல் வேணுமா வேணாமா?”

ரோட்டோர மோர்க் கடைக்காரர் கலக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“பத்தே நிமிஷம் சார்” என்று சொல்லிவிட்டு அவள் கடையை நோக்கி நடந்தாள்.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு டம்ளர் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளில் ஏறினேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. லாரிகளின் காற்று தோளில் அறைந்தது. ஒன்பது மணி நேரமாக அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதும் பெடலில் இறங்கியது.

மூன்று ஐம்பதுக்கு ஆம்பூர். பைபாஸ் ஓரத்துப் பிரியாணிக் கடை வாசலில் எங்கள் சைக்கிள் கிளப்பின் ஆபித் பாஷா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் அட்டையில் சீல் குத்தினார்.

“கூட வந்தவங்க எங்க?”

“வருவாங்க. மெதுவா, மோரெல்லாம் குடிச்சிட்டு.”

நான்கு மணி ஆனதும் அவர் சீலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இப்போதாவது புத்தி வரட்டும்.

நான்கு பதினாறுக்கு வந்தாள்.

ஹெல்மெட்டுக்குள் கட்டியிருந்த ஸ்கார்ஃப் அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. சல்வாரில் முழங்கால் வரை சேறும் முள்ளும். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு மூச்சு வாங்கியது.

சீலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆபித் பாஷாவின் பக்கம் பார்க்கவேயில்லை. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாட்சைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

எண்ணி முடித்த பிறகுதான் பேசினாள்.

“ரோட்டோரப் பள்ளத்துல எல்லாம் எறங்கி எறங்கிப் பாத்துட்டே வந்தேன் சார்.”

பதினான்கு மாதங்களுக்கு முன்பு என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தெரிந்தால் ஓட்ட விடமாட்டார்கள் என்று கிளப்பில் மறைத்தேன். கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி லீவு எடுத்தேன். இனி தனியாகச் சைக்கிளில் தூரம் போகக்கூடாது, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது உட்கார வேண்டும் என்று டாக்டர் சொன்னது என் மனைவி அம்பிகாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கௌசர் என் மணிக்கட்டை விடாமல் மறு கையால் ஃபோனை எடுத்தாள்.

“அம்பிகாக்கா, கெடச்சிட்டாரு. நல்லாதான் இருக்காரு. இல்லக்கா, அழுவாதீங்க. இனிமே வுட மாட்டேன்.”

பிரியாணிக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டாள்.

“பத்து நிமிஷம் உக்காருங்க சார்.”

உட்கார்ந்தேன்.